தாடி ஏன் கையை எடுத்தான்

திருவொற்றியூரில் ஒரு டிடிபி கடையில் நான் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த காலத்தில், என் பொறுப்பில் ஒரு மல்யுத்தக் கம்பெனி இருந்தது. யார் ஜெயிப்பது, யார் தோற்பது, யார் முதுகில் யார் நாற்காலியை உடைப்பது என்பதிலெல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். சிரிக்க வேண்டாம். அது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பிராஜெக்ட் ரிப்போர்ட் பிரிண்ட் எடுக்க வந்த யாரோ கடை மெஷினில் ஏற்றிவிட்டு அழிக்காமல் போயிருந்தார்கள். படம் கிடையாது, சத்தம் கிடையாது. வெறும் பெயர்களும் கட்டங்களும். இந்த வாரம் யாரோடு யார் மோத வேண்டும், எதற்காக மோத வேண்டும், முடிவு என்ன என்று நாம் நிரப்ப வேண்டும். பட்டனை அழுத்தினால் கூட்டம் எவ்வளவு ரசித்தது என்று மார்க் வரும்.

மார்க் என்றாலே எனக்கு ஆகாது. பள்ளிக்கூடத்திலேயே ஆகாது. "கூட்டம் இந்தப் பகையைப் பார்த்துச் சலித்துவிட்டது" என்று இங்கிலீஷில் ஒரு வரி சிவப்பு எழுத்தில் வரும் பாருங்கள், உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். சலித்துப் போச்சாமே! பொழுது விடிந்தால் மணமகன், மணமகள், சுபமுகூர்த்தம், சுற்றமும் நட்பும் என்று அதையே அடித்துக்கொண்டிருக்கிற எனக்கு இல்லாத சலிப்பா அவர்களுக்கு? அடிப்பதெல்லாம் ஊரார் கல்யாணம். வருகிறவர்கள் புரூஃப் பார்த்து முடித்ததும் தவறாமல் "உனக்கு எப்போம்மா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போவார்கள். அவர்கள் படி இறங்கியதும் நான் கம்பெனியைத் திறந்து யாரையாவது மேஜைமேல் தூக்கிப் போட்டு உடைப்பேன். அப்போதுதான் அடுத்த பத்திரிகையை அடிக்கக் கை வரும்.

இது பொழுதுபோக்காக இருந்தவரை பரவாயில்லை. அண்ணனுக்குக் கால் போன பிறகு இதுவே எனக்கு இன்னொரு வேலையாகிவிட்டது.

அண்ணன் எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் கலாசி. இரும்புக் குழாய்களைக் கட்டாகக் கட்டிக் கிரேனில் ஏற்றி இறக்குகிற வேலை. தொங்குகிற கட்டு ஆடாமல் இருக்க இரண்டு முனையிலும் கயிறு கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பக்கம் அண்ணன். மறுபக்கம் எப்போதும் அவனுடைய தோஸ்து. பள்ளிக்கூடத்திலிருந்தே இரண்டு பேரும் ஒன்றாகச் சுற்றியவர்கள். அன்றைக்கு மறுபக்கத்துக் கயிறு தளர்ந்து, கட்டு சுழன்று வந்து அண்ணனின் வலது முட்டியை அடித்தது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்ட எல்லோரிடமும் அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "அவன் கை வுட்டுட்டான்." பார்க்க வந்த தோஸ்தை அம்மா வார்டு வாசலிலேயே வைத்துக் கிழித்தாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு போனவர் அப்புறம் வரவே இல்லை.

முட்டியில் பிளேட் வைத்து அனுப்பினார்கள். தையல் பிரித்த அன்று டாக்டர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார்: "தினமும் மடக்கணும். வலிக்கும், கத்துவான், விடாதீங்க. இப்ப மடக்கலைன்னா மூட்டு கட்டிப்போயிடும். அப்புறம் ஆயுசுக்கும் நீட்டின கால்தான்."

நீட்டின காலோடு நடக்கலாம்தான். ஆனால் குந்த முடியாதே. எங்கள் குடியிருப்பில் வரிசைக் கடைசியில் இருக்கிற கக்கூஸ் குந்துகிற கக்கூஸ். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் நடுவே ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்து, அம்மா அவனுக்கு வீட்டுக்குள்ளேயே வழி பண்ணினாள். மறைப்புக்கு ஒரு பழைய புடவை. இரும்புக் கட்டைத் தோளில் தாங்கினவன், மீசை வைத்த ஆம்பளை, தங்கச்சி இருக்கிற ஒற்றை அறையில் புடவைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "டீவிய சத்தமா வெய்மே" என்பான். வைப்பேன். வாளியை அம்மா எடுத்துக்கொண்டு போவாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். அந்த நேரத்தில் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கும்.

அத்தனை அவமானத்துக்கும் ஒரே மருந்து காலை மடக்குவது. அதைத்தான் செய்யமாட்டான். தொடைக்கு அடியில் துண்டைக் கொடுத்து, இரண்டு கையாலும் இழுத்து, குதிகாலைப் பாயோடு தேய்த்துக்கொண்டே உடம்பை நோக்கிக் கொண்டுவர வேண்டும். இரண்டு தடவை இழுப்பான். "வலிக்குதுமே, வுடு" என்று துண்டை வீசிவிடுவான். அம்மா கெஞ்சினாள், நான் கத்தினேன். கட்டை மாதிரி கிடந்தான்.

சென்னையில் செட்டாப் பாக்ஸ் வந்த சமயம் அது. பெட்டி வாங்காத வீடுகளில் கட்டண சானல்கள் இருண்டு போயிருந்தன. அண்ணன் சின்ன வயசிலிருந்து விடாமல் பார்த்த குஸ்தி நிகழ்ச்சியும் அதோடு போச்சு. அது டூப்பு என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கத்துவான், தலையணையைக் குத்துவான். இப்போது அதுவும் இல்லாமல் மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "இந்நேரம் அங்க எவன் எவன அடிச்சிகினு கீறானோ" என்று முனகினான்.

எனக்கு அன்றைக்கு பஸ்ஸிலேயே எரிச்சல். எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கிற வரிசையில் மாட்டினால் நடந்தே போய்விடலாம். வந்த வேகத்தில் துண்டை எடுத்து அவன் கையில் திணித்தேன். "என் கம்பெனில இன்னிக்கு இன்னா ஆச்சு தெரியுமா? சாம்பியன அவன் மச்சானே கவுத்துட்டான். கத வேணும்னா இழு. நீ நிறுத்தினா நானும் நிறுத்திடுவேன்."

"இன்னாமே பீலா வுடுற?"

"இழுண்ணா!"

இழுத்தான். நான் சொன்னேன். நான் மூச்சு வாங்கினால் அவனும் துண்டைத் தளர்த்தினான், ஆரம்பித்தால் இழுத்தான். அம்மா அடுப்படியில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அன்றைக்கு அவன் போதும் என்று சொல்லும்போது தலை முழுக்க வேர்த்திருந்தது. "நாளிக்கு அந்த மச்சான் இன்னா ஆவான்?" என்று கேட்டான். எனக்கே தெரியாது.

அதிலிருந்து பிடித்தது எனக்குச் சனி. கம்ப்யூட்டர் கூட்டத்தின் மார்க் ஒருபக்கம், பாயில் படுத்திருக்கிறவனின் முட்டி ஒருபக்கம். கதை ருசியாக இருந்தால் குதிகால் நகரும். ஊசிப்போனால் நின்றுவிடும். அவ்வளவு பச்சையாக ஒரு கணக்கு வேறு எந்தக் கதைக்காரிக்கும் வாய்த்திருக்காது.

ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே வித்தை. பல்டி. கூட்டாளியைக் கூட்டாளி கவிழ்ப்பது. முதல் தடவை அண்ணன் படுக்கையிலேயே துள்ளினான். அடுத்த தடவையும் துள்ளினான். ருசி கண்டுபோய், தம்பி அண்ணனைக் கவிழ்த்தான், மேனேஜர் சாம்பியனைக் கவிழ்த்தான், நடுவரே பல்டி அடித்தார். அப்புறம் ஒருநாள் துண்டை மார்பில் போட்டுக்கொண்டு, "இன்னாமே, உன் கம்பெனில ஒருத்தன்கூட ஒய்ங்கா இல்லியா? எவன் கை குட்த்தாலும் அடுத்தது அவன் கவுப்பான்னு தெரிஞ்சிபோச்சி. பேஜாரா கீது" என்றான். கம்ப்யூட்டரும் மறுநாள் சிவப்பு எழுத்தில் அதையேதான் சொன்னது.

சரி, திருந்தினேன். ஓயாமல் தோற்றுக்கொண்டிருந்த ஒரு கிழவனுக்கு, ஓய்வு பெறுவதற்கு முன் ஒரே ஒரு ஆட்டம் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு ஆசையைக் கொடுத்தேன். அண்ணன் அந்தக் கிழவனுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முகமூடி போட்டு ஒருவனை வரவைத்து, யாரென்று சொல்லாமல் இழுத்தடித்தேன். "யாரு? பழைய சாம்பியனா? சொல்லித் தொலைமே!" என்று அவன் திட்டத் திட்ட, "இன்னும் கொஞ்சம் மடக்கு, சொல்றேன்" என்றேன். இரண்டு பேரை வெறுமனே அடித்துக்கொள்ள விட்டால் யாருக்கும் கவலையில்லை என்று புரிந்தது. ஒருவன் ஏன் அடிக்கிறான் என்பதில்தான் எல்லாமே இருந்தது. காரணம் தேடிப் பைத்தியம் பிடித்துத் திரிந்தேன். பத்திரிகை அடிக்கும்போதும் அதே நினைப்பு. ஒரு தடவை மணமகள் பெயர் வர வேண்டிய இடத்தில் "முகமூடி" என்று அடித்து, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அத்தனை பித்தலாட்டத்துக்கும் நடுவில் ஒரு ஜோடியை மட்டும் நான் தொடவில்லை. வாயில் நுழையாத அவர்களுடைய இங்கிலீஷ் பெயர்களை விட்டுவிட்டு, நாங்கள் மொட்டை, தாடி என்று கூப்பிட்டோம். இரட்டையர் ஆட்டக்காரர்கள். ஒருவன் உள்ளே அடி வாங்கும்போது மற்றவன் கயிற்றுக்கு வெளியே நிற்பான். உள்ளே இருப்பவன் எட்டிக் கையைத் தொட்டால்தான் வெளியே நிற்பவன் உள்ளே வரலாம். எத்தனை அடி வாங்கினாலும் மொட்டை ஊர்ந்து வந்து கையை நீட்டுவான், தாடி தொடுவான், கூட்டம் எழும்பும். அண்ணனுக்கு அவர்கள்மேல் உயிர். "சோக்கா கீறானுங்கமே" என்பான்.

ஆனால் ஒரே மாதிரி எத்தனை நாள்? மார்க் இறங்க ஆரம்பித்தது. அண்ணனும் அவர்கள் ஆட்டம் வரும்போது, "தெரியும், ஊர்ந்து வருவான், தொடுவான், அப்பால?" என்று ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தான். முட்டி பாதி மடங்குகிற நிலையில் நின்றுபோயிருந்தது. பாதி போதாது, பாதியில் குந்த முடியாது. எனக்குப் பதற்றம் தாங்கவில்லை. யோசித்து யோசித்து, நான் யாரும் எதிர்பார்க்காத ஒன்றைப் போட்டேன்.

அன்று சாயங்காலம் சொன்னேன். பெரிய ஆட்டம். மொட்டை ரத்தம் ஒழுக ஊர்ந்து வருகிறான். கையை நீட்டுகிறான். தாடி பார்க்கிறான். தன் கையை எடுத்துக்கொள்கிறான். கீழே குதித்து, திரும்பிப் பார்க்காமல் நடந்து போகிறான். கம்ப்யூட்டர் அந்த ஆட்டத்துக்கு அதுவரை கொடுக்காத மார்க்கைக் கொடுத்திருந்தது. நான் அந்தப் பெருமையில் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனேன்.

அண்ணன் துண்டை விட்டுவிட்டான். வீசக்கூட இல்லை. "அவன் அப்டிபட்டவன் இல்ல" என்றான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கயிறு, கை, கூட்டாளி. அட பாவி, யாருடைய கதையை யாரிடம் சொல்லிவிட்டேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

அதற்கப்புறம் அவன் காலை மடக்கவில்லை. முகமூடியைக் கழற்றிப் பார்த்தேன், கிழவனை ஜெயிக்க வைத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் முட்டியைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முன்னால இருந்ததைவிடக் குறைஞ்சிருக்கே. இப்படியே போனா மயக்க மருந்து குடுத்துத்தான் மடக்கணும். அதுவும் முழுசா வரும்னு சொல்ல முடியாது." ஆட்டோவில் திரும்பும்போது அம்மா சத்தமில்லாமல் அழுதாள். அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

தோஸ்து வந்து நாலு வார்த்தை பேசினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. மன்னிப்பு கேட்கட்டும், அண்ணன் திட்டட்டும், ஆத்திரம் தீர்ந்தால் இழுப்பான். அம்மாவிடம் சொல்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டைக்குப் போனேன். ரயில்வே கேட்டை ஒட்டி அவர் வீடு. வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"உங்கண்ணன் இன்னா சொல்றான், தங்கச்சி?"

"நீங்க கை வுட்டுட்டீங்கன்னு சொல்றான்."

"ஆமா. வுட்டேன்."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். எனக்கு ஜிவ்வென்று ஏறிவிட்டது. "ஏண்ணா வுட்டீங்க? உசுரா பழகினவன்தானே? அவன் இன்னிக்கி எப்டி கெடக்கறான் தெரியுமா உங்களுக்கு?" என்று தெரு பார்க்கக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்ஸ் வண்டி வந்தது. அது போய் முடிகிறவரைக்கும் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். முடிந்ததும் அவர் மெதுவாகச் சொன்னார்.

"எங்க வேலயில கயிறத் தளத்தணும்னா 'லூசு'ன்னு கத்துவோம். லூசுன்னா வுட்டுடணும், ரோசிக்கக் கூடாது. அன்னிக்கி நான் எங்கியோ பராக்கு பாத்துகினு இருந்தேன். உங்கண்ணன் 'டேய் லூசு'ன்னான். வுட்டேன். அவன் என்னியத்தான் திட்னான். நான் கயிறச் சொல்றான்னு நெனச்சிட்டேன்."

"இத்த ஏன் யாராண்டியும் சொல்லல?" என்று மட்டும் கேட்டேன்.

"சொன்னா? கயிறு கையில கீறச்சொல்ல வெளயாட்டுப் பேச்சு பேசினான், தப்பு அவன் மேலதான்னு சூப்பர்வைசர் அவன அனுப்பிச்சிடுவான். காலும் போயி வேலயும் போச்சின்னா அவன் இன்னா பண்ணுவான்? நான் வேற எடம் பாத்துக்குவேன். எனக்கு ரெண்டு காலும் நல்லா கீது." அந்த யார்டை அவர் விட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கூட்ஸ் ஷெட்டில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

திரும்புகிற பஸ்ஸில் எனக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். அண்ணனுக்கு இது தெரியாது, அவன் நிஜமாகவே அவர் கைவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நேராகச் சொன்னால், எல்லாம் உன் வாயால் வந்தது என்று சொல்வதாகிவிடும். ஏற்கெனவே உடைந்து கிடக்கிறவனிடம் எப்படிச் சொல்வது? கதையாகவே சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தேன். தாடிக்கு ஒரு காரணம் கொடுத்தால் போதும். அவனாகப் புரிந்துகொண்டால் புரிந்துகொள்ளட்டும்.

துண்டோடு போய் உட்கார்ந்தேன். "ஞாயித்துக்கெழமயில கடை ஏதுமே?" என்றான் சுவரைப் பார்த்தபடி.

"ஸ்பெஷல் ஷோ. கேளு. தாடி தனியா மேடைக்கு வர்றான். கூட்டம் பாட்டில வீசுது. நீ ஏன்டா கைய எடுத்தேன்னு எல்லாரும் கேக்கறாங்க. வாயத் தெறக்கல. அப்பறம்தான் ஒருத்தன் அந்த டேப்பப் போட்டுப் பாக்கறான். மொட்ட கைய நீட்டச்சொல்ல ஏதோ ஒரு வார்த்த கத்தியிருக்கான். மொட்ட வெளயாட்டா சொன்னது. தாடிக்கு அது வேற மாதிரி கேட்டுடுச்சி. கைய எடுன்னு சொல்றான்னு நெனச்சி எடுத்துட்டான். அத்த வெளிய சொன்னா எல்லாரும் மொட்டயத் திட்டுவாங்களேன்னு, அந்த அடியெல்லாம் தானே வாங்கிகினு..."

"லூசுன்னானா?"

நான் நிறுத்திவிட்டேன். அண்ணன் சுவரைவிட்டுத் திரும்பியிருந்தான். கண் சிவந்திருந்தது.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"கட்டு என் மேல வர்றதுக்கு முன்னாடியே தெரியும். நான் கத்தினேன், அவன் கயிறு வுட்டான். ஐயய்யோ, தப்பா எட்த்துகினான்னு நெனைக்கறதுக்குள்ள அட்ச்சிட்சி."

"அப்பறம் ஏன்ணா அவரு கை வுட்டாருன்னு சொன்ன?"

"வலிலமே. ஆஸ்பத்திரில ஒருவாட்டி சொல்ட்டேன். அதுக்குள்ள ஆளாளுக்கு அவனத் திட்ட ஆரம்பிச்சிட்டீங்க. அம்மா அவன வாசல்லியே வெச்சி அனுப்பிச்சிட்சி. அப்பால எப்டி மாத்திச் சொல்றது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. "சரி, அதுக்கும் நீ கால மடக்காததுக்கும் இன்னாண்ணா சம்பந்தம்? நான் இன்னா பாடுபட்டேன் தெரியுமா உனக்கு?"

அவன் நீட்டிக் கிடந்த காலைப் பார்த்தான்.

"கால் வந்துட்சின்னா மொதல்ல அவன் வூட்டுக்குத்தானே போவணும்" என்றான். "போயி இன்னான்னு சொல்லுவேன்?"

கதை சலித்துப்போனதால்தான் முட்டி நின்றுபோச்சு என்று நான் இராப்பகலாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன். துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

"அவனப் பாத்தியாமே?"

"பாத்தேன்."

"திட்னானா?"

"இல்ல. கெளம்பச்சொல்ல ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'குந்தறானா?'ன்னு."

அண்ணனின் முகம் கோணிக்கொண்டது. என் கையிலிருந்து துண்டைப் பிடுங்கி முகத்தை அழுத்தித் துடைத்தான். அதைத் தொடைக்கு அடியில் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்தான். நான் கதை ஒன்றும் சொல்லவில்லை. அவன் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். அம்மா ஓடிவந்து, "போதும்டா, போதும்டா" என்றாள். அவன் நிறுத்தவில்லை.